கீழே ஸ்கேனர், மேலே பட்டியல்: எஃப்.டி.பி. ஃபோல்டரை ப்ராக்ஸி வழியாகப் பார்க்கக் கைக்குறிப்புகள்

வடசென்னை மூலக்கொத்தளத்தில் எங்களுடையது மாதிரி வீடுகள் நிறைய: கீழே கடை, மேலே குடித்தனம். எங்கள் கடையில் ஜெராக்ஸும் ஸ்கேனும். துறைமுக வேலையாக அலையும் கிளியரிங் ஆட்கள் பில் ஆஃப் என்ட்ரி, பேக்கிங் லிஸ்ட், டெலிவரி ஆர்டர் என்று கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஸ்கேனர் எல்லாவற்றையும் எஃப்.டி.பி. வழியாக ஒரு பழைய ஸ்டோரேஜ் பெட்டியில் போட்டு வைக்கும்.

சாயங்காலம் மேலே உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பார்த்துக் கணக்கு எழுதுவது என் வேலை. கடைக்கு ஒரு ரவுட்டர், வீட்டுக்கு ஒரு ரவுட்டர். இரண்டுக்கும் நடுவில், இரண்டு நெட்வொர்க் கார்டு செருகிய ஒரு பழைய கணினியில் லினக்ஸும் ஸ்க்விட் ப்ராக்ஸியும் ஓடுகின்றன. ஆரம்பத்தில் பாஸ்வேர்டு போட்டால் உள்ளே போகும், பட்டியல் மட்டும் வராது. புதிதாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்கப் பணம்கூட எடுத்து வைத்துவிட்டோம். கடைசியில் ஒரு பைசா செலவில்லாமல் சரியாயிற்று. அந்த அலைச்சலில் சேர்ந்த குறிப்புகள் இவை. ஸ்க்விட் போடத் தெரிந்தவர்களுக்கு எழுதுகிறேன், அதனால் அரிச்சுவடியைத் தொடவில்லை.

1. பட்டியல் வரவில்லை என்றதும் பெட்டி கெட்டுப்போயிற்று என்று முடிவு கட்டாதீர்கள். எஃப்.டி.பி.க்கு இரண்டு பாதை உண்டு: 21ஆம் போர்ட்டில் பேச்சு நடக்கும், பட்டியலும் ஃபைலும் வருவதற்குத் தனியாக இன்னொரு பாதை திறக்கும். பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு திரை வெறுமையாக நின்றால், பத்துக்கு ஒன்பது தடவை அந்த இரண்டாவது பாதைதான் அடைபட்டிருக்கும்.

2. கீழே வரும் அமைப்பு வரிகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். ஸ்க்விட்.கான்ஃப் ஃபைலில் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடு வைத்து எழுதுங்கள். கை வைக்கும் முன் ஃபைலை அன்றைய தேதி போட்டு ஒரு நகல் எடுத்துக்கொண்டால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

3. முதலில் பார்க்க வேண்டியது ‘எஃப்டிபி_பாஸிவ் ஆன்’. இது ஸ்க்விட்டில் பழக்கமாகவே ஆன்தான். ஆனால் எப்போதோ யாரோ சோதனைக்காக ஆஃப் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். ஆஃப் என்றால் பெட்டி தன் 20ஆம் போர்ட்டிலிருந்து ப்ராக்ஸியை நோக்கித் திரும்பி வரும், வாசலிலேயே ஃபயர்வால் மறித்துவிடும். ஆன் என்றால் ப்ராக்ஸியே போய்க் கதவைத் தட்டும்.

4. பாஸிவில் பெட்டி எந்தப் போர்ட்டைத் திறந்தது என்று விரல் விட்டே கணக்கிடலாம். பதிலில் 192,168,1,20,195,80 என்று வந்தால் முதல் நான்கும் பெட்டியின் முகவரி. ஐந்தாவதை 256ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டுங்கள்: 195 தடவை 256 என்றால் 49920, அதோடு 80 சேர்த்தால் 50000. அந்த 50000 ஃபயர்வாலில் திறந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும், ஊரையெல்லாம் தேட வேண்டாம். எங்கள் வீட்டுச் சிக்கல் அவிழ்ந்தது இந்தக் கூட்டல் கணக்கில்தான், அதுவும் மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில்.

5. பெட்டியில் வி.எஸ்.எஃப்.டி.பி.டி. ஓடினால் ‘பாஸ்வி_மின்_போர்ட்’ 50000 என்றும் ‘பாஸ்வி_மேக்ஸ்_போர்ட்’ 50010 என்றும் போட்டுவிடுங்கள். ஃபயர்வாலில் அந்தப் பதினொரு போர்ட்டை மட்டும், அதுவும் ப்ராக்ஸியின் முகவரிக்கு மட்டும் திறந்தால் போதும். கடை அளவுக்கு அது தாராளம்.

6. பழைய டி.வி.ஆர்., யு.எஸ்.பி. செருகும் ரவுட்டர் மாதிரி பெட்டிகள் சிலவற்றுக்கு இ.பி.எஸ்.வி. என்ற புது மாதிரி பாஸிவ் பேச்சு புரியாது. ‘எஃப்டிபி_இபிஎஸ்வி ஆஃப்’ என்று ஒரு வரி சேர்த்தால் ஸ்க்விட் நேராகப் பழைய முறைக்கே போய்விடும். ஒரு நிமிஷம் சுற்றிச் சுற்றி நின்ற பட்டியல் உடனே வந்து விழுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

7. ‘சேஃப்_போர்ட்ஸ்’ வரிசையில் 21 இருக்கிறதா பாருங்கள். ஸ்க்விட்டோடு வரும் ஃபைலில் இருக்கும். சுருக்கமாக இருக்கட்டும் என்று யாராவது வரிகளை வெட்டியிருந்தால் இதுவும் போயிருக்கும்.

8. ‘எச்டிடிபி_ஆக்ஸஸ்’ வரிகளை ஸ்க்விட் மேலிருந்து கீழாகப் படிக்கும், முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். அதனால் வீட்டு வலைக்கு அனுமதி மேலே, ‘டினை ஆல்’ கடைசியில். சரியான வரியைத் தப்பான இடத்தில் எழுதிவிட்டு அரை நாள் தேடியவர்கள் உண்டு.

9. உங்கள் ப்ராக்ஸி இன்டர்நெட்டுக்கு இன்னொரு மேல் ப்ராக்ஸி வழியாகப் போகிறதா? அப்படியானால் வீட்டுப் பெட்டியைத் தேடும் கோரிக்கையும் வெளியே போய் வெறுங்கையோடு திரும்பும். எஃப்.டி.பி. புரோட்டோகாலுக்கு ஒரு ஏ.சி.எல். பெயர் வைத்து, ‘ஆல்வேஸ்_டைரக்ட் அலவ்’ என்று அந்தப் பெயரைப் போட்டால் நேராகவே போய்வரும்.

10. மாற்றி எழுதியதும் ஸ்க்விட்டை நிறுத்தி ஓட்ட வேண்டாம். ‘ஸ்க்விட் -கே பார்ஸ்’ கொடுத்து எழுத்துப்பிழை பாருங்கள், பிறகு ‘ஸ்க்விட் -கே ரீகான்ஃபிகர்’ கொடுங்கள். மேலே பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பில் இருந்தாலும் நெட் போயிற்று என்று கத்த மாட்டார்கள்.

11. முகவரியின் கடைசியில் சாய்கோடு போடும் பழக்கம் வையுங்கள். சாய்கோடு இருந்தால் ஃபோல்டர், இல்லாவிட்டால் ஃபைல் என்றுதான் கர்ல் மாதிரிக் கருவிகள் எடுத்துக்கொள்ளும். ஒரு எழுத்துச் சோம்பலுக்கு அரை மணி நேரம் கொடுக்க வேண்டாம்.

12. எஃப்.டி.பி.யில் நுழைந்ததும் அந்தப் பயனரின் சொந்த ஃபோல்டரில்தான் நிற்போம். அதற்கு வெளியே, வட்டின் வேரிலிருந்து பார்க்க வேண்டுமானால் முகவரியில் பெட்டியின் பெயருக்கும் சாய்கோட்டுக்கும் பிறகு சதவீதக் குறி, 2, எஃப் மூன்றையும் சேர்த்து எழுதி, அப்புறம் ஃபோல்டர் பெயரைப் போடுங்கள். யு.எஸ்.பி. டிரைவ் வேறு இடத்தில் ஏறியிருந்தால் இதுதான் குறுக்கு வழி.

13. பாஸ்வேர்டை முகவரிக்குள் எழுதாதீர்கள். ஹிஸ்டரியில் கிடக்கும், கடைக்கு வரும் ஆள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாலும் தெரியும். பயனர் பெயரையும் அட் குறியையும் மட்டும் போட்டால் ப்ராக்ஸியே பாஸ்வேர்டு கேட்கும்.

14. எல்லாம் சரியாக இருந்தும் குரோமில் வரவில்லையா? தப்பு உங்கள் மேல் இல்லை. 2021 ஜூலையில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 90இலும், அதே ஆண்டு அக்டோபரில் வந்த குரோம் 95இலும் எஃப்.டி.பி.யையே எடுத்துவிட்டார்கள், முகவரியை அடித்தாலும் பிரவுசர் ப்ராக்ஸியைக் கேட்கவே கேட்காது. இந்த ஒன்று தெரியாமல் நான் ஸ்க்விட் அமைப்பையே மூன்று நாள் திருப்பித் திருப்பி மாற்றிக்கொண்டிருந்தேன்.

15. அப்படியானால் ப்ராக்ஸி சரியா என்று எப்படிச் சோதிப்பது? கர்ல் கட்டளையில் சிறிய எக்ஸ் போட்டு ப்ராக்ஸியின் முகவரியும் 3128ஆம் போர்ட்டும், பக்கத்தில் எஃப்.டி.பி. முகவரியும், கடைசியில் சிறிய ஓ போட்டு ஒரு எச்.டி.எம்.எல். ஃபைல் பெயரும் கொடுங்கள். ஸ்க்விட் பட்டியலை அழகாக வலைப்பக்கமாக்கிக் கையில் கொடுத்துவிடும், அந்த ஃபைலை எந்த பிரவுசரிலும் திறக்கலாம்.

16. டபிள்யூகெட், லிங்ஸ் மாதிரி கருவி பிடித்தவர்கள் ‘எஃப்டிபி_ப்ராக்ஸி’ என்ற சூழல் மாறியில் ப்ராக்ஸி முகவரியை ஒரு தடவை வைத்துவிட்டால் போதும். லிங்ஸில் பட்டியலை விசைப்பலகையாலேயே மேயலாம். பத்து வருஷப் பழைய கணினியும் மூச்சு வாங்காது.

17. இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த குறிப்பு. பதினைந்தாம் எண்ணில் சொன்ன கட்டளையை க்ரான் வைத்துப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஓடவிட்டு, வரும் பக்கத்தை வீட்டு வெப் சர்வரின் ஃபோல்டரில் விழச் செய்யுங்கள். செல்போனிலேயே “அந்தக் கன்டெய்னர் பேப்பர் ஸ்கேன் ஆயிடுச்சா?” என்று பார்த்துவிடலாம், மாடிப்படி ஏறி இறங்க வேண்டாம். அதில் பார்க்கத்தான் முடியும். ஃபைலைத் தொட்டு எடுக்க முடியாது.

18. கணினியும் பெட்டியும் ஒரே ரவுட்டரில் இருந்தால் ப்ராக்ஸியே வேண்டாம். விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேல்பட்டையில் எஃப்.டி.பி. முகவரியை அடித்தால் ஃபோல்டராகவே திறக்கும். இருக்கிற சுலப வழியை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டியதில்லை.

19. உங்கள் ஆண்ட்ராய்டு போனின் ஃபைல் மேனேஜரைக் குடைந்து பாருங்கள், பலவற்றில் எஃப்.டி.பி. வசதி ஒளிந்திருக்கும், ஆன் செய்தால் 2121 மாதிரி ஒரு போர்ட்டோடு முகவரி காட்டும். 1025க்கு மேற்பட்ட போர்ட்டுகள் ஸ்க்விட்டின் வழக்கமான அனுமதியிலேயே அடக்கம், அதனால் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். கல்யாணப் படங்களைக் கேபிள் தேடாமல் இறக்கிக்கொள்ளலாம்.

20. காலையில் போட்ட ஃபைல் சாயங்காலம் வரை பட்டியலில் வரவில்லை என்றால் ப்ராக்ஸி பழைய பட்டியலைப் பத்திரமாக வைத்துக் காட்டுகிறது. ஸ்க்விட்டோடு வரும் ‘ரெஃப்ரெஷ்_பேட்டர்ன்’ வரியில் எஃப்.டி.பி.க்கு 1440 நிமிஷம், அதாவது முழுசாக ஒரு நாள் போட்டிருக்கும். பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கும் பெட்டிகளில் இது கண்ணில் படும். நம் பெட்டியின் முகவரிக்கு ஓர் ஏ.சி.எல். வைத்து ‘கேஷ் டினை’ போட்டுவிடுங்கள்.

21. பட்டியல் வருகிறது, ஃபோல்டர் படம் மட்டும் உடைந்து தெரிகிறதா? அந்தக் குட்டிப் படங்கள் பெட்டியிலிருந்து வருவதில்லை, ப்ராக்ஸியே தன் பெயரைச் சொல்லிக் கொடுப்பவை. அந்தப் பெயர் மேல் வீட்டுக் கணினிக்குத் தெரியாது. ‘விசிபிள்_ஹோஸ்ட்நேம்’ வரியில் எல்லாக் கணினிக்கும் தெரிந்த பெயரைப் போடுங்கள், ‘ஷார்ட்_ஐகான்_யூஆர்எல்ஸ்’ ஆன் என்றிருக்கட்டும்.

22. பழைய ஸ்க்விட் பட்டியலில் ஃபைல் பெயரை 32 எழுத்தோடு நறுக்கிவிடும். ‘எஃப்டிபி_லிஸ்ட்_வித்’ வரியில் எண்ணைக் கூட்டினால் முழுசாகத் தெரியும். புதிய பதிப்புகளில் அந்த வரியே கிடையாது, இருந்தால் பார்ஸ் செய்யும்போது முறையிடும், எடுத்துவிடுங்கள்.

23. ஃபைல் பெயரை வருடம், மாதம், தேதி என்ற வரிசையில், ஒற்றை எண்ணுக்கு முன்னால் சைபர் வைத்துத் தொடங்குங்கள். பட்டியல் தானாகவே நாள்வாரியாக அடுக்காகிவிடும். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டால் முகவரியில் சதவீதக் குறிகள் முளைக்காது.

24. நாள் காட்டும் இடத்தில் ஒரு ஃபைலுக்கு மணி, இன்னொரு ஃபைலுக்கு வருடம் என்று கலந்து வந்தால் மிரள வேண்டாம்: லினக்ஸ் பெட்டிகள் ஆறு மாதத்துக்குள்ளான ஃபைலுக்கு மணியும், அதற்கு முந்தியதற்கு வருடமும் காட்டும். இந்தக் கலவைக்குக் காரணம் பழையது: எஃப்.டி.பி.யை முதன்முதலில் எழுத்தில் வடித்தவர் நம் நாட்டவரான அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் செட் மாணவர், 1971 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்து ஆர்.எஃப்.சி. 114ஆக வெளியிட்டார். 1985இல் வந்த ஆர்.எஃப்.சி. 959தான் இன்றும் அடிப்படை; அதிலும் பட்டியல் என்பது மனிதர் கண்ணால் படிப்பதற்கே, இன்ன வடிவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெட்டிக்குப் பெட்டி வடிவம் மாறுவதும், ஸ்க்விட்டுக்குப் புரியாத வரி அப்படியே பச்சையாகத் திரையில் விழுவதும் அதனால்தான்.

25. ஒருநாள் காலை 9.10க்கு ஸ்கேன் எடுத்த பில் பட்டியலில் 3.40 என்று நின்றது. விடிகாலை 3.40க்குக் கடையை யார் திறந்தது என்று வீட்டில் ஒரே கலவரம். வி.எஸ்.எஃப்.டி.பி.டி. பழக்கமாக கிரீன்விச் நேரம் காட்டும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி குறைவு; ‘யூஸ்_லோக்கல்டைம்’ வரியில் யெஸ் போட்டதும் கலவரம் அடங்கிற்று.

26. பெட்டி விண்டோஸ் ஐ.ஐ.எஸ். என்றால் 03-07 என்பது மார்ச் ஏழா, ஜூலை மூன்றா என்று குழம்புவீர்கள். அதில் மாதம்தான் முதலில். அமைப்பில் ‘டைரக்டரி லிஸ்டிங் ஸ்டைல்’ என்ற இடத்தில் யூனிக்ஸ் என்று மாற்றினால் மாதம் எழுத்தில் வரும், ஸ்க்விட்டுக்கும் சௌகரியம்.

27. தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் பட்டியலில் கிறுக்கலாகத் தெரிந்தால் ஃபைலை அழித்துவிடாதீர்கள், உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்க்விட்டுக்குப் பதில் அப்பாச்சியை ப்ராக்ஸியாக வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். அது பட்டியலை ஐ.எஸ்.ஓ. 8859-1 என்றே எடுத்துக்கொள்ளும். ‘ப்ராக்ஸிஎஃப்டிபிடிர்கேர்செட்’ வரியில் யு.டி.எஃப்-8 என்று போடுங்கள், அம்மா பெயரில் வைத்த ஃபோல்டர் அம்மா பெயரிலேயே தெரியும்.

28. ஸ்கேனர் ஃபைல் போடுகிறது, பட்டியல் மட்டும் மறுக்கிறது என்றால் பெட்டியில் ‘டிர்லிஸ்ட்_எனேபிள்’ நோ என்று இருக்கலாம். அதுவும் சரியென்றால் ஃபோல்டரின் அனுமதியைப் பாருங்கள்: பட்டியல் தெரிய ஆர், உள்ளே நுழைய எக்ஸ், இரண்டும் வேண்டும்.

29. பட்டியல் பார்க்க மட்டும் தனியாக ஒரு பயனர் வைத்து, எழுதும் உரிமையைக் கொடுக்காதீர்கள். குழந்தை கை பட்டு ஒருத்தருடைய பில் அழிந்தால் பதில் சொல்வது நாம்தான்.

30. பாஸ்வேர்டு, ஃபைல் இரண்டுமே எஃப்.டி.பி.யில் மூடாமல் போகும், அதனால் வீட்டு வாசலைத் தாண்டவிடாதீர்கள். ரவுட்டரில் 21ஐயும் 3128ஐயும் வெளியுலகுக்குத் திறக்கவே வேண்டாம். பழைய மதராஸ் நகர மதிலின் மூலையில் நின்ற கொத்தளம் தந்த பெயர்தான் எங்கள் மூலக்கொத்தளத்துக்கு, வால்டாக்ஸ் ரோட்டின் பெயரிலும் அதே மதில்தான் இருக்கிறது. வெளியாரை எதிர்கொள்ள முன்னால் நிறுத்தும் கணினியை நெட்வொர்க்காரர்களும் பேஸ்டியன் ஹோஸ்ட், அதாவது கொத்தளக் கணினி என்றே சொல்கிறார்கள். நடுவில் நிற்கும் அந்தப் பழைய கணினியில் வேறு விளையாட்டு மென்பொருள் எதையும் ஏற்றாமல் காவலுக்கு மட்டும் விடுங்கள்.

31. வெளி சர்வர்களின் பட்டியல் வரவில்லை என்று ப்ராக்ஸியைக் கழற்றும் முன், அந்த வாசல் இன்னும் இருக்கிறதா பாருங்கள். லினக்ஸ் கெர்னல் தளம் 2017 மார்ச்சில் எஃப்.டி.பி.யை மூடியது, டெபியனும் அதே ஆண்டு நவம்பர் 1 முதல் பொதுமக்களுக்கு நிறுத்திவிட்டது. அதே ஃபைல்கள் சாதாரண வலை முகவரியில் கிடைக்கின்றன.

32. பெட்டி உங்கள் சொந்த லினக்ஸ் என்றால் இதைவிடச் சுருக்கு வழி இருக்கிறது. ஸ்கேனர் எஃப்.டி.பி.யிலேயே போட்டுக்கொண்டிருக்கட்டும், அதே ஃபோல்டருக்கு எஞ்சின்எக்ஸில் ‘ஆட்டோஇன்டெக்ஸ் ஆன்’ போட்டால் எந்த பிரவுசரிலும் பட்டியல் தெரியும், தொட்டு எடுக்கவும் முடியும், ஸ்க்விட் வழியாகவும் தடையில்லாமல் போகும். இங்கேயும் நேரம் கிரீன்விச்தான், ‘ஆட்டோஇன்டெக்ஸ்_லோக்கல்டைம் ஆன்’ சேர்த்துக்கொள்ளுங்கள்.

33. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து நண்பர்களுக்கு: திடீரென்று பட்டியல் பாதியில் நின்றால் அமைப்பைத் தொடும் முன் கேபிள் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உப்புக்காற்றில் அந்தச் சின்ன செம்புப் பற்கள் பச்சை பூத்திருக்கும். புது முனை அடிக்க ஐந்து நிமிஷம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நீதிமன்ற உத்தரவால் 2011இல் நின்றுவிட்டாலும் லாரிப் புழுதி நின்றபாடில்லை, மாதம் ஒருமுறை கணினியின் ஃபேனைத் தூரிகையால் தட்டிவிடுங்கள்.

34. ப்ராக்ஸி கணினியைத் தரையில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வந்தபோது கீழ்வீடுகளில் எந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்று வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் இரண்டு ஆணி, ஒரு பழைய பலகை, அவ்வளவுதான் செலவு.

35. கரண்ட் போய் வந்த பிறகு பட்டியல் காணாமல்போனால் பெட்டிக்கு ரவுட்டர் வேறு முகவரி கொடுத்திருக்கும். ரவுட்டரிலேயே பெட்டியின் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பெட்டியின் எண், ப்ராக்ஸியின் எண், 3128, 50000 முதல் 50010 வரை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கணினியின் பக்கவாட்டில் அகல டேப்பால் ஒட்டி வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் கடைப்பையன் போனில் அதைப் படித்துச் சொல்லவாவது உதவும்.